இடைச்சொல்

நொய்யலில் இன்று சாயம் ஊதா.
மாவிலந்துறைக் கோயிலின் வடக்குச் சுவரில்
சுண்ணாம்பைச் சுரண்டி, நார் போட்டுத் தேய்த்து,
ஈரத்தாள் ஒட்டித் தூரிகையால் அடிக்கிறேன்.
மைப்பந்து ஒற்ற ஒற்ற
கல் கறுத்துச் சொல் வெளுக்கிறது.

ஏழு வரி முழுக்க அரசன் பேர்தான்:
வென்ற ஊர், கொன்ற ஆனை, கட்டிய முடி.
எட்டாவதில் மூச்சு வாங்கிக்கொண்டு
காரியத்துக்கு வருகிறான்.

"நாட்டார் இசையாத இறை
இந்நாட்டுக் குடிகள்பால்
நம் அதிகாரிகள் கொள்ளப் பெறார்.
நாமும் கொள்ளப் பெறோம்."

நாமும்.

வந்த ஓலையில் அது இருந்திருக்காது.
கடைசித் தொடர் மட்டும்
இரண்டு வரிகளுக்கு நடுவே, இடமில்லாமல்,
உளி ஒடுங்கி வெட்டியிருக்கிறது.
யாரோ கேட்டுச் சேர்த்தது.
கீழே ஒப்பமிட்ட பதினொருவரில்
தேவன் சிறியான் என்று ஒருவன்.
அவனாக இருக்கட்டும்.
வெள்ளாமை கருகிய வருசம்
மாட்டை ஓட்டிப்போனது அதிகாரி;
ஓட்டச் சொன்னது யாரென்று தெரிந்தவன்.
போருக்கு ஆளும் அரிசியும் வேண்டி
அரசன் ஆற்றோரம் பாளையம் இறங்கும்வரை
வாய் திறக்காமல் இருந்தவன்.

எச்ச உம்மையா, சிறப்பு உம்மையா,
இலக்கணக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும்.
அந்த ஒன்றரை மாத்திரை
மூக்கணாங்கயிறு என்று
அரசனுக்குத் தெரிந்திருக்கும்.

மகன் மீறினான். அதுவும் இதே சுவரில்தான்:
கொண்ட நெல் இருநூறு கலம்,
பேரன் திருப்பி அளந்தது.
மீறலை மீறல் என்று சொல்ல
ஒரு கல் இருந்தது, அவ்வளவே.

இதோடு நிறுத்திச் சிலிர்த்துக்கொள்ள
எனக்கும் ஆசை.
பன்னிரண்டாம் வரி விடமாட்டேன் என்கிறது:
"ஏரிக்கு மண் சுமக்கும் வெட்டியாட்கள்
முன்போல் சுமக்கக் கடவர்."

எழுநூறு வருசம் கழித்து
மடைத்தண்ணீர் வழக்கொன்றில்
இந்த எழுத்தின் நகல் முன்சீபு கோர்ட்டு ஏறியது.
கட்டைப் பிரித்துப் படித்தேன்.
வக்கீல் "குடிகள்" என்று வாசித்த இடத்தில்
பிரதிவாதி நஞ்சன், வயது நாற்பது,
மண் சுமந்த வகையறா,
கூண்டிலிருந்து கேட்டிருக்கிறான்:
"ஏனுங் சாமி, அந்தக் குடியில
நானும் உண்டுங்களா?"

கூண்டில் நிற்பவர் கேள்வி கேட்கலாகாது
என்று குமாஸ்தா எழுதியிருக்கிறார்.
தீர்ப்பில் அவன் காட்டுக்கும்
வாரத்தில் அரை நாள் தண்ணீர் விட்டிருக்கிறது.
காரணம் சொல்லும் பத்தியில்
பாதிக்கு மேல் கறையான்.

தாள் காய்ந்துவிட்டது. மெல்ல உரிக்கிறேன்.
கல்லில் அப்போது புள்ளி வைக்கிற வழக்கமில்லை.
மெய்யெல்லாம் உயிரோடுதான் நிற்கும்.
நாமும.

படியெடுப்பவர் புள்ளியிட்டு முடிக்க வேண்டும்,
அலுவலக விதி.
பென்சிலை எடுத்தேன்.
மேற்கே வெள்ளியங்கிரிப் பக்கம் இருட்டி
முதல் தூறல் தாளில் விழுந்தது.
அப்படியே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.