மூக்கடைத்த மூன்று நாள்

பாப்புரி ஆற்றில் இரண்டு நாள் துடுப்புப் போட்டு
வந்திறங்கினான் லௌரியானோ.
மூக்கு நிறையச் சளி,
கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"மீன் கொண்டு வந்திருக்கேன், அக்கா."

உம்பெலினா அடுப்பை ஊதினாள்.
உப்பும் காரமும் போட்ட நீர் கொதித்தது.
பிள்ளைகள் துறைக்கு ஓடி
படகைத் துழாவித் திரும்பினார்கள்:
ஒரு கத்தி, அரை மூட்டை கிழங்கு மாவு,
நனைந்த சட்டை.
செதில்கூட இல்லை.

அவர்களுடைய தேசானோ மொழியில்
மீனுக்கு உள்ள சொல்
நம் எழுத்தில் பிடித்தால் ஏறக்குறைய 'வாய்'.
அதையே மூக்கில் ஏற்றினால்
பெயர்.

நம் மெல்லினம் ஆறும்
வரிசையில் நின்று
அதது தன் வேலையைப் பார்க்கும்.
அங்கே அது ஈரம் மாதிரி,
சொல்லின் ஒரு முனையில் பட்டால்
மறுமுனை வரை ஊறும்.
ப இருந்த இடத்தில் ம இருக்கும்.
உயிரெழுத்துகூட உலர்ந்து தப்பாது.

மூக்கடைத்தவன் சொன்னால்
பெயரும் மீன்தான்.

அவளுக்குப் புரிந்தபோது
பானை பாதி வற்றியிருந்தது.
தம்பிக்கு மகன் பிறந்திருக்கிறான்.
போன மழையில் புதைத்த அப்பாவின் பெயரை
அவனுக்கு இட்டிருக்கிறார்கள்.

"சொல்லு."
வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.
இப்படிச் சொன்னால் அது வேறு யாரோ.

இந்த வீட்டில் புழங்குவது துக்கானோ,
கணவனின் மொழி, அதனால் பிள்ளைகளின் மொழி.
ஒரே மொழிக்குள் மணப்பது
அங்கே கூடப்பிறந்தவளைக் கட்டுவது போல.
பதினான்கு வருடமாக
கோழி விரட்டத்தான் தன் மொழியை வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் ஆவி பிடித்தான்.
ஏதோ இலையைக் கசக்கி மோந்தான்.
மாலையில் அவள் கணவன்
துள்ளும் மீன் ஒன்றைத் தரையில் போட்டு
"இந்தா, உங்க அப்பா" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள்,
லௌரியானோ இருமி இருமி.

மூன்றாம் நாள், வெளுக்கும் முன்,
துறையில் நின்று
ஒரு நாசியை அழுத்திச் சீந்தினான்.
நீரில் விழுந்ததை ஏதோ வந்து கவ்விப் போனது.

பிறகு சொன்னான்.
முதலிலிருந்து கடைசிவரை
ஒரு இடம் வறளாமல்.

திருப்பிச் சொல்லப் பார்த்தாள் உம்பெலினா.
வரவில்லை.
மூக்கு அடைத்திருந்தது.
தம்பியின் சளி ஒட்டிக்கொண்டது என்று
துக்கானோவில் சொன்னாள் பிள்ளைகளிடம்.