ஜாமீன்தாரர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணினேன்,
சரக்கு வண்டி தீரவில்லை.
கைப்பேசியில் முகவரி:
வாரியக் குடியிருப்பு, எஃப் பிளாக், மூன்றாம் மாடி.
கடன் வாங்கிய டில்லிபாபு தலைமறைவு.
ஜாமீன்தாரர் பெயர் கோதாவரி.
தொழில் என்ற கட்டத்தில்
முன்னாள் கவுன்சிலர், இரண்டு முறை.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.
இரண்டு முறை என்றால்
எப்படியும் ஒரு கார், கிரானைட் தரை,
வாசலில் நாய்.

படியில் தண்ணீர்க் குடங்கள்தான் வழிமறித்தன.
கதவு திறந்தே கிடந்தது.
"செருப்போட வா, தரை ஈரம்" என்றார்.

வீட்டை ஒரே பார்வையில் முடித்துவிடலாம்.
கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி,
ஒடிந்த இடத்தில் செம்புக் கம்பித் தையல்.
ஒற்றை பர்னர் அடுப்பு.
மனுக்கள் திணித்த மஞ்சள் பை ஒன்பது,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு தெருவின் பெயர்.
கொடியில் இரண்டு சேலை,
மூன்றாவது அவர் மேல்.

நோட்டீசைக் கண்ணாடி இல்லாமல்
கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.
"ஃப்ரிட்ஜு வாங்குனது தப்பில்லபா.
அவன் பொண்டாட்டி மீன் விக்கிறா,
விக்காத மீனு கெடக் கூடாதுல்ல.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.
ஆனா பாரு,
ஃப்ரிட்ஜு பதினாலு மாசத்துல செத்துப்போச்சு.
இருபத்துநாலு மாசக் கடன் உசுரோட கீது.
அது வந்த அட்டப்பொட்டி கூட
இன்னும் நல்லா கீது."

நாங்கள் ஃப்ரிட்ஜ் செய்வதில்லை,
கடன் மட்டும்தான் தருகிறோம் என்றேன்.

"அதான் சொல்றேன்.
கடன நல்லா கெட்டியா செய்றீங்க."

ஜன்னலுக்குக் கீழே
துறைமுகத்திலிருந்து வந்த கண்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி நின்றன.
மணலிக் காற்றில் நாக்குவரை எண்ணெய் வாசம்.
"அதுக்குள்ள இன்னா கீது, தெரியுமா?"
தெரியாது.
"எனுக்கும் தெரியாது.
வேணும்னு நமக்கே இன்னும் தோணாத சாமான்.
மொதல்ல எறங்கும்.
அப்பால தோணும்."

இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார் என்று
நான் நினைத்தது முகத்தில் தெரிந்ததோ என்னவோ,
குரலைத் தாழ்த்தினார்.
"எனுக்கு ஆச இல்லன்னு நெனைக்காத.
எம்.சி. ரோட்ல ஒரு கடை.
மயில் கழுத்து நெறத்துல பொடவ,
பொம்மைக்குக் கட்டிவுட்டுக்கிறான்.
மூணு தீவாளியா போய்ப் பாத்துட்டு வர்றேன்.
இத்த மட்டும் கூட்டத்துல பேசறதில்ல."

பிறகு சட்டென்று,
"கீழ நிக்கிற வண்டி உன்னுதா?"
ஆமாம் என்று வந்த சொல்லை
வாயிலேயே விழுங்கினேன்.
பத்தொன்பது தவணை பாக்கி.

ரேஷன் அட்டையின் உறைக்குள்ளிருந்து
இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் வந்தன.
"மாசம் எரநூறு.
இது நான் வச்ச தவண, நீ வச்சது இல்ல.
ரசீது எழுது.
அந்தப் பொண்ணு வூட்டாண்ட போய்க் கதவத் தட்டாத.
தட்டுனா
பத்தாவது பை உங்க கம்பெனி பேர்ல."

எழுதிக் கொடுத்தேன்.
வேறு வழியில்லாமல் செயலியைத் திறந்தேன்.
சொத்துப் படங்கள், குறைந்தது மூன்று.
நாற்காலியை எடுத்தேன், அடுப்பை எடுத்தேன்.
பைகளை எடுத்தேன்.
மதிப்பு பூஜ்யம் என்றால் ஏற்கமாட்டேன் என்றது.
சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
கடைசியில்
என் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன்.
உத்தேச மதிப்பு முந்நூறு.
அந்த வீட்டின் மொத்தத்தில்
பாதி அதுதான்.

"வெளிச்சம் பத்தல, இப்பிடித் திருப்பி வை"
என்று ஜன்னலின் இன்னொரு கதவையும்
தள்ளித் திறந்துவிட்டார்.