பத்துக்கு எத்தனை

நள்ளிரவுக்குள் ஏற்றிவிட வேண்டும்.
ஐம்பத்தாறு பெயர்கள், ஒரு பத்தி மட்டும் காலி:
கலந்துரையாடலில் பங்கேற்பு, பத்துக்கு.
கொளத்தூரில் மழை விட்டு ஒரு மணி நேரமாகிறது.
ரெட்டேரிப் பக்கத்துத் தவளைகள்
இன்னும் மைக்கை அணைக்கவில்லை.
அவற்றுக்கு முழு மதிப்பெண்.

மோனிஷுக்கு ஒன்பது.
கேள்வியை நான் முடிப்பதற்குள்
'மேம், அதாவது' என்று ஆரம்பிப்பான்.
அதாவதுக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.
இருந்தாலும் ஒன்பது.
சுற்றறிக்கை எண்ணத்தான் சொல்கிறது,
எடைபோடச் சொல்லவில்லை.

நாற்பத்தோரு தடவை 'எஸ் மேம்' தட்டிய
பெனடிக்டுக்கு ஐந்து.
யாருக்காவது சந்தேகம் இருக்கா என்றேன், எஸ் மேம்.
என்ன சந்தேகம் என்றேன்,
எஸ் மேம்.

லோகப்பிரியா பேசினால்
அவளுக்குப் பின்னால் காசிமேடும் பேசும்.
ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரர் தொண்டை,
அன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை என்று
வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.
நிலையான செலவு, மாறும் செலவு என்று
நான் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்ததை
படகுக் கடன், டீசல், ஐஸ், ஆள்கூலி என
நாலே வாக்கியத்தில் பிரித்து வைத்தாள்.
ஐந்தாவது வாக்கியத்தில்
யாரோ மூக்கைப் பொத்துகிற பொம்மையை அனுப்பினார்கள்.
மைக்கை மூடியவள்
பருவம் முடியும்வரை திறக்கவில்லை.

ஒரு முறை பேசினால் இரண்டு மதிப்பெண்.
ஏழு போட்டேன். அழித்தேன். எட்டு போட்டேன்.
அந்தப் பொம்மையையும் பங்கேற்பென்று எண்ணி
யாருக்கோ ஒன்று கூட்டியிருக்கிறது மென்பொருள்.

வரிசை எண் முப்பத்தெட்டு, முபீனா.
முகம் பார்த்ததில்லை.
சாம்பல் வட்டத்துக்குள் ஓர் எம்.
வகுப்பில் இருந்த நேரம்: முழுதும்.
சொன்னது: ஒன்று.
தேடிப் போய்ப் படித்தேன்.
ஆகஸ்ட் பத்தொன்பது, காலை எட்டு ஐம்பத்திரண்டு:
'மேம், உங்க குரல் வரல.'

ஞாபகம் வந்துவிட்டது.
மூழ்கிய செலவு பற்றிய பாடம்.
போன பணத்துக்காக இருக்கிற பணத்தை இறைக்காதே என்று
கையை ஆட்டி, எழுந்து நின்று,
என் முதல் ஸ்கூட்டர் கதையைக்கூடச் சொல்லி
பதினொரு நிமிடம் உருகியிருக்கிறேன்,
மைக்கை அணைத்துவிட்டு.
தொட்டி மீன் வாயசைப்பதைப் பார்ப்பதுபோல்
பார்த்திருப்பார்கள் ஐம்பத்தைந்து பேர்.
பார்க்காமலும் இருந்திருக்கலாம்.
மோனிஷிடமிருந்து ஓர் அதாவது இல்லை.
பெனடிக்ட் மட்டும்
எட்டு நாற்பத்தேழுக்கு ஒரு தடவை
எஸ் மேம் என்றிருக்கிறான்.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தானே
கேட்கவில்லை என்று தெரியும்.

பத்து போட்டேன்.
கட்டம் சிவந்தது:
'பதிவு எண்ணிக்கையோடு பொருந்தவில்லை.
காரணம் எழுதவும், எழுபது எழுத்துக்குள்.'
என் குரல் வரவில்லை என்று சொன்னாள்
என்று தட்டிவிட்டுப் பார்க்கிறேன்.
துறைத்தலைவர் நாளைக்கு இதைப் படித்து
கண்ணாடியைக் கழற்றுவார்.
கௌரவ விரிவுரையாளர், மணிக்கணக்கில் சம்பளம்.
அந்தப் பதினொரு நிமிடத்துக்கும் சேர்த்துத்தான்
கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

பதினொன்று ஐம்பத்தாறு.
மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஒருமுறை கூவுகிறது.
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
திரையில் ஒரு வட்டம்
சுற்றுகிறது, சுற்றுகிறது.
போய்ச் சேர்ந்ததா என்று
அந்தப் பக்கத்திலிருந்து யாராவது
சொன்னால்தான் உண்டு.