நடுக்கடல் வரை இலவசம்

மூன்று வருடம், இரண்டு பேர், ஒரு கப்பல்.
கப்பலும் கணினிக்குள்தான் மிதக்கிறது.
பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவே
நள்ளிரவில் என்ஜின் நின்றுபோன ஃபெரி.
பயணிகள் தவறவிட்ட பொருட்களைப் பொறுக்கி
உரியவரைத் தேடிக் கொடுக்க வேண்டும்:
ஒற்றைச் செருப்பு,
தபால்தலை ஒட்டாத கடிதம்,
கைக்குட்டையில் சுற்றிய ஒரு பல் செட்டு.
எங்கள் விளையாட்டு இவ்வளவுதான்.
சுடுவதற்கு யாரும் இல்லை.

"டெமோ வேணாம்லா" என்றான் சற்குணன்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பன்னிரண்டாம் மாடி.
லிஃப்ட் அன்றும் பழுது;
மூச்சு வாங்கிக்கொண்டேதான் வாதாடினான்.
"முதல் அரை மணி நேரத்த சும்மா குடுத்தா
அதோட போதும்னு போயிருவான்.
ஆசைய தீத்து வெச்சிட்டு
அப்புறம் எதைலா விப்ப?"

பாலேக் பூலாவ் சாலையோரத்தில்
கத்தி முனையில் ஒரு துணுக்கு டுரியான் நீட்டுகிறவரைச் சொன்னேன்.
"அது பழம். தின்னா இன்னும் பசிக்கும்.
நம்மளது கதை. தெரிஞ்சிட்டா தீந்துச்சு."
நியாயமாகத்தான் இருந்தது.
அதனாலேயே கோபம் வந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்றேன், பெரிதாய்க் கண்டுபிடித்தவள்போல.
திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டான்:
"அடிச்சோறு வெந்துருச்சா?"

வேகவில்லை.
நான்காம் அத்தியாயத்தில் ஒரு கிழவர்
இன்னும் சுவரைப் பார்த்து நிற்கிறார்.
பேசப் போனால் வாய் அசைகிறது, சொல் வருவதில்லை.
இந்த மூன்று வருடத்தில்
எங்கள் இருவரைத் தவிர
அந்தக் கப்பலில் யாரும் கால் வைத்ததில்லை.
அதையும் அவன் சொல்லவில்லை.

பழைய ஃபெரியில் ஒரு வினோதம் உண்டு.
கட்டணம் அக்கரையில் மட்டும்.
தீவில் பிறந்த எனக்குப்
போவது இலவசம்,
வீடு திரும்பத்தான் காசு.
பள்ளிக்கூடச் சீருடையோடு சும்மா ஏறிப் போய்
பட்டர்வொர்த்தில் மதியம் முழுக்கச் சுற்றுவேன்,
திரும்பும் சில்லறையை உள்ளங்கையில் பொத்தி,
ஐஸ் கச்சாங் கடையைப் பார்க்காமல் தாண்டி.
ஏறும்போதே காசு கேட்டிருந்தால்
ஒருநாளும் ஏறியிருக்க மாட்டேன்.

இதை அவனிடம் சொன்னேன்.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, என்ஜின் நிற்கும் அந்த நொடியில்
கத்தி வைத்தான். நடுக்கடல்.
"ஆனா ஒன்னு,
கையில எடுத்தது கையிலேயே இருக்கணும்.
வாங்கிட்டு வந்தா
மறுபடி முதல்லேர்ந்து பொறுக்க விடக்கூடாது."
அதற்காகவே இரண்டு இரவு தூங்கவில்லை,
வேண்டாம் என்று சொன்னவன்.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை வெளியிட்டோம்.
இரண்டாயிரத்துப் பதினான்கு பேர் ஏறினார்கள்.
கிழவரை ஒருவழியாய்த் திருப்பி நிறுத்தி
முழுக் கப்பலையும் விட்ட மாதத்தில்
வாங்கியவர்கள் அறுபத்தொன்று.
அவன் கால்குலேட்டரைத் தட்டினான்,
இன்னொரு முறை தட்டினான்.
இரவில் அவன் வாடகைக் கார் ஓட்டிச் சேர்ப்பதை விட
முந்நூறு வெள்ளி குறைவு.
"நான் சொன்னேன்ல" என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

டெமோ இல்லாவிட்டால் அறுபத்தொன்று
அறுநூறு ஆகியிருக்குமா, ஆறாகியிருக்குமா?
அந்தக் கடலை இரண்டு முறை கடக்க முடியாது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு கடிதம்.
எந்த ஊர் என்று தெரியாத பெயர்.
"நான் இன்னும் வாங்கவில்லை.
இந்த மாதம் முடியாது, அடுத்த மாதமும் சந்தேகம்.
டெமோவைப் பதினொரு முறை ஆடிவிட்டேன்.
அந்தப் பல் செட்டு என்னிடம்தான் இருக்கிறது.
யாருடையது என்று மட்டும் சொல்வீர்களா?"

சற்குணன் சிரித்தான்.
அவன் சிரிப்பதைப் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது.
பதில் எழுதினான், அழித்தான்,
மீண்டும் எழுதினான்.
"சொல்லிட்டா தீந்துச்சு" என்று முணுமுணுத்தான்,
சட்டையை மாட்டிக்கொண்டு
மீ கோரேங் வாங்கப்
பன்னிரண்டு மாடி இறங்கிப் போனான்.

அவன் திரும்பி ஏறி வருவதற்குள்
நான் அனுப்பிவிட்டேன்:

பத்திரமாக வைத்திருங்கள்.
அவர் இன்னும் சாப்பிடவில்லை.