மூன்று கிலோ

திறப்பு யாரிடமும் இல்லை.
பிரதேச சபை கமநலத்தைக் கேட்கச் சொன்னது,
கமநலம் கச்சேரியைக் கை காட்டியது,
கச்சேரி எங்கள் கடிதத்துக்கு இலக்கம் போட்டது.
பத்தாம் மாதம் அனுமதி வந்தது,
திறப்பு வரவில்லை.
நிஸ்தார் கிண்ணியாவிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்து
நெற்களஞ்சியத்தின் பூட்டை அறுத்தான்.
உள்ளே தொங்கிய வௌவால்கள் எல்லாம்
எங்கள் தலைக்கு மேலால்
நடுப்பகலில், வழி தெரியாமல்,
தம்பலகாமத்து வயல்வெளிக்குப் போயின.

கணக்குக் கொப்பி என்னிடம்.
அதனால் முதலில் எண்ணியது நான்தான்:
பழைய சாக்கு நானூற்றுப் பதினொன்று,
கால் உடைந்த கதிரை ஒன்று,
மணல்மூட்டைகள் (யார் அடுக்கியதென்று எழுதவில்லை),
சுவரில் கரியால் ஒரு பெயர்ப்பட்டியல்,
இடம்பெயர்ந்து வந்து இங்கே படுத்திருந்தவர்கள்,
ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில்
எத்தனை கொத்து அரிசி என்று.
நடுவில், தரையோடு சேர்த்து இறுக்கிய
மேடைத் தராசு.

கூரையில் துளைகள்.
வெயில் சில்லறையாய்த் தரையில் கிடந்தது.
வடிவாயிருக்கு, விடுவோம் என்றேன்.
"ஐப்பசியில அந்த வடிவு ஒழுகும், அக்கா"
என்றான் நிஸ்தார்.
அறுபத்திரண்டு தகடு என்று எழுதினேன்.

காசு சேர்க்கப் போனோம்.
ஆலைக்காரர் ஐயாயிரம்.
கந்தளாய் சோமசிறி லொறி தந்தார், டீசல் எங்களுடையது.
தையற்கடை பரிமளா திரைச்சீலைக்குத் துணி,
இரண்டு நிறத்தில், மிச்சம் விழுந்தது.
கோணாமலை படலையைத் திறக்கவில்லை.
"நான் தந்திட்டன்" என்றார்.
கொப்பியைப் புரட்டினேன். பெயர் இல்லை.
"உங்கட கொப்பியில இராது.
அந்தத் தராசு மூட்டைக்கு மூண்டு கிலோ குறைச்சுக் காட்டும்.
காலபோகமும் சிறுபோகமும் சேர்த்து
வருசம் நூற்றெழுபது மூட்டை.
பதினாறு வருசம்.
பெருக்கிப் பாருங்கோ."

பெருக்கினேன்.
எண்ணாயிரத்து நூற்று அறுபது கிலோ.
அதை எந்த விலையால் பெருக்குவது?
அன்றைய விலையா, இன்றைய விலையா,
அந்தக் குறையால் மீளாமல் போன
காப்புச் சோடியின் விலையா?
என் கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.

விடிய, துருவைத் தட்டி எண்ணெய் விட்டு
நானே தராசில் ஏறினேன்.
நானும் ஏறக்குறைய ஒரு மூட்டைப் பாரம்தான்.
ஆஸ்பத்திரித் தராசு சொன்னதைவிட
மூன்று கிலோ குறைவு.
சந்தோசப்படக் கூடாத இடத்தில்
ஒரு கணம் சந்தோசப்பட்டேன்.

மேடைக்கு இடைஞ்சல், கழற்றுவோம் என்றது குழு.
பழைய இரும்புக்கு நல்ல விலை என்றார் தலைவர்.
வாய்த்தர்க்கம் மூன்று கூட்டம் போனது,
தேத்தண்ணிச் செலவு மட்டும் ஆயிரத்து எண்ணூறு.
கடைசியில் மேடை நாலடி தள்ளிப் போனது.
தராசு நின்றது.
கரிப்பட்டியல் இருந்த சுவரை
வெள்ளை அடிக்காமல் விட்டான் பெயிண்டர்.
யாரும் சொல்லவில்லை.
அதில் அவனுடைய மாமியின் பெயர் இருந்ததாம்.

முதல் நாடகத்தன்று வாசலில் பலகை வைத்தோம்.
தந்தவர்கள், தந்த தொகை.
ஆலைக்காரருக்கு மேலே என் கையெழுத்தில்:
கோணாமலை, நெல், 8160 கிலோ.
கணக்காய்வாளர் கேட்பார்.
கேட்கட்டும்.

பாதி நாடகத்தில் வந்தார்,
பெட்டிபோட்ட சேட்டோடு.
பலகையைப் பார்க்கவில்லை.
நேரே போய்த் தராசில் ஏறினார்,
குனிந்து முள்ளைப் பார்த்தார்.
"இன்னும் களவுதான்" என்றார்
எல்லாருக்கும் கேட்க.

மேடையில் வசனம் மறந்து விழித்துக்கொண்டிருந்த
நிஸ்தாரின் மகள்தான் முதலில் சிரித்தாள்.

கதிரை போதவில்லை.
கழுவிக் காயவைத்த சாக்கு ஒன்றைக் கொடுத்தேன்.
இரு பக்கமும் திருப்பிப் பார்த்து
விரித்து இருந்தார்.