தலைமடையில் ஒரு பிற்பகல்

கட்டில் அகலப் பலகை.
மேல் முனைக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து
கூட்டுறவுக் கொட்டகை நடுவே சாய்த்து வைத்தார்கள்.
நீலச் சாயத்தில் ஆறு.
இரு கரையிலும் குழிகள்; எங்கள் வயல்களாம்.
தண்ணீர் என்பது
அறுபது கோலிக்குண்டு.

இரிங்காவிலிருந்து பைக்கில் வந்தவள்,
நீர் அலுவலகத்துப் பெண்,
ஆற்றையே அளந்து கிண்ணத்தில் போட்டாள்.
"மழை நின்ற மாதம். இவ்வளவுதான்.
ஆளுக்கொரு குச்சி, அதுதான் மதகு.
உருண்டு வருவதை உங்கள் பக்கம் திருப்புங்கள்."

பிறகு சீட்டுக் குலுக்கினாள்.
எனக்கு விழுந்தது தலைமடை.

பதினோரு வருடமாய்க் கடைமடைக்காரி நான்.
உசாங்குச் சமவெளியில் என் வரப்புக்கு அப்பால்
நாணலும் வெடித்த நிலமும்தான்.
நாற்று வெளுத்த இரவுகளில்
மேல்நோக்கி நடந்திருக்கிறேன்
அம்பாகிசியேயின் மதகு வரை,
தோளில் மண்வெட்டி, வாயில் ஒரு கேள்வி.
இரண்டையும்
அப்படியே திரும்பத் தூக்கி வந்திருக்கிறேன்.

அம்பாகிசியேவுக்கு விழுந்தது கடைசிக் குழி.
கொட்டகை முழுக்கச் சிரிப்பு.
அவனும் சிரித்தான், தங்கப்பல் தெரிய.

கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.
கடகடவென்று ஒரு சத்தம்,
எங்கள் ஆறு ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன்:
நான் பழிவாங்கவில்லை.
அவன் முகம்கூட அப்போது நினைவில் இல்லை.
கண்ணெதிரே வந்தது. குச்சியைச் சாய்த்தேன்.
இன்னும் வந்தது.
இன்னும் சாய்த்தேன்.
என் குழிக்குப் பன்னிரண்டு போதும்.
எண்ணியபோது முப்பத்தொன்று,
வேர் அழுகும் அளவுக்கு.

"எதற்கு இத்தனை, தூசெகிலே?" யாரோ கேட்டார்கள்.
"வந்ததே" என்றேன்.

அதே சொல்.
மண்வெட்டியோடு நான் நின்ற ராத்திரிகளில்
அவன் சொன்ன
அதே ஒற்றைச் சொல்.

அம்பாகிசியே தன் குழியையே பார்த்திருந்தான்.
இரண்டு கோலி.
ஒன்றை விரலால் உருட்டி மற்றதில் முட்டினான்.
"இதில் நாற்றங்கால்கூட நனையாது" என்றான்,
யாரையும் பார்க்காமல்.

பலகையின் அடியில் ஒரு நீர்யானை வரைந்திருந்தது.
அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை.
மாட்டுக்காரன் ஷிகேலா,
எந்தக் குழிக்கும் பெயர் கொடுக்கப்படாதவன்,
போய்க் குந்தினான் அங்கே.
"எனக்கு?" என்று உள்ளங்கையை நீட்டினான்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் சண்டை.
கோலிக்கு அரை மூட்டை நெல் என்று விலை பேசினார்கள்;
மதகுக்கடியில் விரல் விட்டவனின் புறங்கையில் ஒரு அடி.
மூன்றாவதில் முறை வைத்தோம்,
பகலில் மேலே, இரவில் கீழே,
ஐந்து நீர்யானைக்கு.
நீர்க்கட்டியாய் ஷிகேலாவையே போட்டோம்:
வயல் இல்லாதவன், வஞ்சம் இல்லாதவன்.
(அவன் மாடுகளை மறந்துவிட்டோம். அவன் மறக்கவில்லை.)

கடைசியில் எண்ணினால் ஐம்பத்தொன்பது.
பாயைத் தூக்கினோம், செருப்பை உதறினோம்.
"ஆவியாகிவிட்டது" என்றார் செயலாளர்.
அலுவலகப் பெண்
அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆகிறது.
ஆறு யாருக்கும் சீட்டுக் குலுக்குவதில்லை.
நேற்றும் வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை.
இருட்டியதும் மேலே நடந்தேன், கால் பழக்கம்.
பாதி வழியில்தான் தெரிந்தது
மண்வெட்டியை விட்டுவிட்டு வந்தது.

மதகின் மேல் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தான் அம்பாகிசியே.
வெளிச்சம் தண்ணீரில் இருந்தது, என் முகத்தில் இல்லை.
"உனக்கு எத்தனை போதும்?" என்றான்.

பதினோரு வருடத்தில்
அவன் கேட்ட முதல் கேள்வி.
எனக்குச் சட்டென்று எண் வரவில்லை.
இடுப்பில், காங்காத் துணி முடிச்சுக்குள்
அந்த அறுபதாவது கோலி
உறுத்திக்கொண்டிருந்தது.