காற்று விழுந்த பக்கம்

அட்டை கிழிந்த புத்தகம்.
துளைபோட வந்த ஆஸ்திரேலியர்கள்
கழுவாத கோப்பைகளோடு விட்டுப்போனது.
முதல் ஒன்பது பக்கம் இல்லை, அதனால்
நான் ஏறியபோதே
கப்பல் நடுக்கடலில் இருந்தது.

எனக்கு எடைமேடையில் வேலை.
கோபிப் பாலையின் தெற்கு விளிம்பு,
ஒரு கண்டெய்னர் அறை, ஓர் அடுப்பு.
நிலக்கரி லாரி ஏறி நிற்கும், எண் ஒளிரும்,
ரசீது கிழித்துக் கொடுத்தால் சீனா பக்கம் போய்விடும்.
இரண்டு லாரிக்கு நடுவே ஒரு வாக்கியம்.
நல்ல நாளில் ஒரு பத்தி.

கடல் பார்த்ததில்லை. மங்கோலியாவில் கிடையாது.
ஆனாலும் ஸ்டார்போர்டு தெரியும்: அடுப்பு இருக்கும் பக்கம்.
மாஸ்ட், வெளியே நிற்கும் செல்போன் டவர்.
ரம்முக்கு அகராதி தேவைப்படவில்லை,
காவலாளி பூரெவ் இருக்கிறான்.
மியூட்டினி,
சம்பளம் வராத மார்ச்சில் டிரைவர்கள்
சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
பேசாமல் நின்றார்களே, அது.
எல்லாவற்றையும் ரசீதின் முதுகில் எழுதி
ஆணியில் குத்திவைப்பேன்.
தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை
நூற்றிரண்டு டன்னுக்குப் பின்னால்
பீரங்கி என்று படித்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில்
பிகாம்ட்.
என் சின்ன அகராதியில் அது இல்லை.
அதன் வயிற்றுக்குள் இருந்த காம் மட்டும் இருந்தது:
அமைதி. சாந்தம்.
சரிதான், கப்பல்காரர்களுக்கு மனசு ஆறிவிட்டது
என்று எடுத்துக்கொண்டேன்.
பாவம், அறுபது பக்கமாய் அடித்துக்கொண்டவர்கள்.

அதே மாதம் தலைநகரில் நேர்காணல்.
கண்ணாடி அறையில் அந்த அம்மாள் கேட்டாள்,
இன்றைக்கு உன் வாழ்க்கையை எப்படிச் சொல்வாய்?
முதுகை நிமிர்த்தி, சிரித்த முகமாய்,
ஐ ஆம் பிகாம்ட் என்றேன்.
ஓ, என்றாள்.
ரொம்ப நேரம் எதையோ எழுதினாள்.
வேலை கிடைக்கவில்லை.

அறுபத்திரண்டில் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள்.
அறுபத்துநான்கில் சமையல்காரனுக்கு உதடு வெடிக்கிறது.
ஒரு பையன் உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு
விடிய விடியப் பாடுகிறான்.
அமைதி ஏன் இவர்களைக் கொல்கிறது?
தாள் ஏதும் விட்டுப்போயிற்றா என்று
ஒட்டிய பக்கங்களை நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.

பிறகு எல்லையை மூடினார்கள்.
காரணம் சொல்லவில்லை.
முதல் நாள் நூறு லாரி.
ஐந்தாம் நாள் எண்ணுவதை விட்டேன்.
பதினோராம் நாள் காலை
எழுந்ததும் ஏதோ சரியில்லை.
பிறந்ததிலிருந்து காதுக்குள் இருந்த காற்று
விழுந்து கிடந்தது.
கொடி கம்பத்தோடு ஒட்டியிருந்தது.
எவனோ விட்ட சிகரெட் புகை
போக இடம் தெரியாமல்
அவன் தலைக்கு மேலேயே நின்றது.
அடிவானம் வரைக்கும் லாரிகள்.
கேபினுக்குக் கேபின், கப்பல் கவிழ்ந்தாற்போல்
கன்னத்தில் கை வைத்த முகங்கள்.

இல்லை.
கவிழவில்லை. அதுதான்.
புயல் இல்லை, பாறை இல்லை, எதிரி இல்லை.
சக்கரங்கள் முழுசாக இருந்தன.
கரி ஒரு கல் குறையாமல் இருந்தது.

கெட்டிலோடு வரிசையில் நடந்தேன்.
எர்டெம்பிலெக் என்றொரு டிரைவர்
கோப்பையில் விரலால் கோடு காட்டி
இதுவரை போதும், பின்னால் ஆள் இருக்கிறது என்றான்.
அவன் உதட்டைப் பார்த்தேன்.
சமையல்காரனின் உதடு.

கண்ணாடி அறை அம்மாளிடம்
நான் பொய் சொல்லவில்லை என்று
அங்கேதான் தெரிந்தது.
சிரிப்பு வந்தது. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.
வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் கதவு திறந்தது.
காற்று அதற்கு முந்தின ராத்திரியே வந்துவிட்டது.

இப்போது அறுபத்தேழில் இருக்கிறேன்.
புதுச் சொல் ஒன்று, ஸ்க்வால்.
அகராதியில் இருக்கிறதாம், பூரெவ் பார்த்துச் சொல்ல வந்தான்.
வேண்டாம் என்றேன்.
லாரி வந்துவிட்டது,
எண் ஒளிர்கிறது.